இரைச்சல் நின்ற அமாவாசை

ஆரணியை ஒட்டிய சேவூரில் சம்பந்தம் வீடு எது என்று கேட்டால் தெருவில் பாதிப் பேர் யோசிப்பார்கள். எலிமினேட்டர் வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.

பட்டு நெசவுக் குடும்பம்தான். அண்ணன் லோகநாதன் அப்பாவின் தறியில் உட்கார்ந்தார். தம்பிக்குத் தறிக்குழியில் காலை விட்டு உட்காரப் பொறுமை இல்லை. வேலூரில் ஒரு ரேடியோ கடையில் சில வருடம் வேலை பழகினார். எழுபத்திரண்டில் ஈயம் பற்றவைக்கிற ஒரு சால்டரிங் ராடும், கரண்டு பார்க்கிற ஒரு மீட்டருமாக ஊர் திரும்பி, ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நுழையும் அகலத்தில் கடை பிடித்தார். அப்போது தறி இருந்த வீட்டிலெல்லாம் தலைக்கு மேல் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கும். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பாடினால் பேட்டரி எத்தனை நாளைக்கு வரும்? சுவரிலிருந்து வரும் கரண்டை ரேடியோவுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற தகரப் பெட்டி ஒன்றைச் சம்பந்தம் செய்து கொடுத்தார். அதை மாட்டிவிட்டால் பேட்டரியே வேண்டாம். அதற்குத்தான் எலிமினேட்டர் என்று பேர்.

அந்தப் பெட்டியில் ஒரு குறை உண்டு. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

"இன்னா சம்பந்தம், உன் பொட்டிய மாட்டுனதுலேர்ந்து பாடறவன் வாயில வண்டு பூந்துகினாப்ல கீதே" என்பார் டீக்கடை வீரபாகு.

"நீ போடற டீக்கு அந்தப் பாட்டே ஜாஸ்திண்ணே" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தம் கண்ணாடி கிளாஸை வைப்பார்.

எழுபத்து நாலில் ஜெயம் பெரணமல்லூரிலிருந்து சம்பந்தத்துக்கு மனைவியாக வாழ வந்தாள். ஐந்தாவதோடு பள்ளியை நிறுத்தியவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவளுக்கு வாய் வராது. கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். சாயங்காலங்களில் சம்பந்தம் வீட்டில் உட்கார்ந்து பெட்டிகளைச் சேர்க்கும்போது அவளும் பக்கத்தில் உட்காருவாள். அவர் அவளிடம் கொடுத்த முதல் வேலை டயோடு பார்ப்பது.

நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் கம்பிக் கால். ஒரு முனையில் மட்டும் வெள்ளிக் கோடு. மீட்டரின் இரண்டு முனையையும் அதன் காலில் வைத்தால் முள் எழும்பும். மாற்றி வைத்தால் எழும்பாமல் கிடக்கும். அப்படியிருந்தால் நல்ல டயோடு. இரண்டு பக்கமும் எழும்பினாலும் கெட்டது, இரண்டு பக்கமும் எழும்பாவிட்டாலும் கெட்டது.

"ஏங்க, உள்ள கதவு மாதிரி எதாச்சும் கீதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவள் தானாக ஒரு கேள்வி கேட்டதில் சம்பந்தத்துக்குச் சந்தோஷம். ராடைக் கீழே வைத்தார்.

"கதவெல்லாம் இல்ல. டவுன் பஸ்ஸுல பாத்துகிறியா, முன்னாடி ஒரு சீட்டு காலியானா பின்சீட்டுக்காரன் அங்க மாறுவான். அவன் சீட்டுக்கு அவனுக்குப் பின்னால கீறவன். ஆளு முன்னால போறான், காலி சீட்டு பின்னால போவுது. டயோடு ரெண்டு துண்டு சேந்தது. ஒரு துண்டுல ஆளுங்க அதிகம். இன்னொரு துண்டுல காலி சீட்டு அதிகம். ரெண்டும் ஒட்டற எடத்துல இன்னா ஆவும்?"

"ஓரமா நிக்கறவங்க அந்தாண்ட போய் குந்திப்பாங்க."

"அவ்ளோதான். அப்பால அந்த எடத்துல நவுர்றதுக்கு ஆளும் இல்ல, காலி சீட்டும் இல்ல. அது ஒரு வேலி. சரியான பக்கத்துலேர்ந்து கரண்டு தள்ளுனா வேலி மெலிஞ்சி வழி வுட்டுடும். அதுக்கும் கொஞ்சம் அழுத்தம் வேணும், முக்கா வோல்ட் கணக்கு. எதிர்ப்பக்கமா இழுத்தா வேலி இன்னும் தடிச்சிப்பூடும். ஒண்ணும் போவாது."

"ரொம்ப பலமா இழுத்தா?"

"வேலி ஒடஞ்சிடும். அதுக்கப்பறம் அது டயோடு இல்ல, சொம்மா கம்பி."

சுவரிலிருந்து வரும் கரண்டு ஒரே திசையில் வருவதில்லை, போவதும் திரும்புவதுமாக விநாடிக்கு ஐம்பது தடவை அலைகிறது என்றும் சொன்னார். ரேடியோவுக்கு அது ஆகாது. டயோடு, போகிற பாதியை விட்டுத் திரும்புகிற பாதியை நிறுத்திவிடும். நிறுத்திய இடம் பள்ளம். அந்தப் பள்ளத்தைக் கண்டென்சர் என்கிற குப்பி முடிந்தவரை நிரப்பும். நிரம்பாமல் மிச்சமிருக்கிற பள்ளம்தான் வண்டாக இரைகிறது.

எழுபத்தைந்தில் கற்பகம் பிறந்தாள்.

தூளி தறிக்குப் பக்கத்திலேயே தொங்கியது. கொஞ்சம் வளர்ந்ததும் தறிக்குழி ஓரத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். லோகநாதன் தறிப் பலகையை இழுத்து அடிக்க அடிக்க அவள் நன்றாகத் தூங்குவாள். இழை அறுந்து, முடிபோட அவர் கையை நிறுத்தினால் உடனே கண்ணைத் திறந்துவிடுவாள். திரும்ப அடித்தால் திரும்பத் தூக்கம். வீடே அதைப் பார்த்துப் பூரித்தது.

"இதுக்கு கீற காது யாருக்குக் கீது! தறி நின்னா எனுக்கு முன்னாடி இதுக்குத் தெரியுது" என்பார் லோகநாதன்.

அமாவாசைக்குத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. அன்றைக்கெல்லாம் குழந்தை பகலில் தூங்காது, சிணுங்கிக்கொண்டே இருக்கும். லோகநாதனின் மனைவி பொன்னியம்மாள், அமாவாசைக் கோளாறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். தறி இல்லாத பெரணமல்லூர் வீட்டுக்குப் போனபோதும் குழந்தை அப்படியே சிணுங்கியது. ஊர் மாறியதால் என்றார்கள்.

மூன்று வயதாகியும் 'அம்மா' வரவில்லை. நாக்கில் தேன் தடவினார்கள். ஜெயம்தான் பிடிவாதமாக வேலூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போக வைத்தாள். குழந்தையை அவள் மடியில் உட்காரவைத்து டாக்டர் பின்னாலிருந்து மணி அடித்தார், தகரத்தைத் தட்டினார். கற்பகம் டாக்டரின் மேசைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நரம்பில் குறை, கருவி வைத்தாலும் அனேகமாகப் பயன் இருக்காது, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் ஐந்து வயதுக்குள் சேர்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். தாமதித்தால் எந்தப் பேச்சும் படியாது, கையால் சாடை காட்டிப் பேசும் கைப்பேச்சுகூடக் கடினமாகிவிடும் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"தறி நின்னா முழிச்சிக்கிற புள்ளைக்குக் காது கேக்கலியாம்! அந்த ஆளு தறியப் பாத்துகிறானா?" என்று லோகநாதன் கத்தினார்.

சம்பந்தம் கத்தவில்லை. பஸ்ஸில் வரும்போதே அவர் முடிவு செய்திருந்தார். கேட்கவே கேட்காத காது இல்லை இது, கொஞ்சமாகக் கேட்கிற காது. சத்தம் பற்றவில்லை. சத்தத்தைப் பெரிதாக்குவதுதானே தன் தொழில்?

கடையை முடித்துவிட்டு வந்து தினமும் உட்கார்ந்தார். ஒரு மைக், ஒரு சின்ன ஆம்ப்ளிபயர், பிள்ளைத் தலைக்கு ஏற்றபடி வளைத்த ஹெட்போன். முதலில் பேட்டரியில் ஓட்டினார். மாட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் போய் நின்று, தன் முகத்தைப் பார்த்து அவள் திரும்பிவிடக்கூடாது என்பதற்காக, மைக்கில் "கற்பகம்" என்றார். அவள் திரும்பவில்லை. பேட்டரிக்குப் பலம் இல்லை என்று, சுவர்க் கரண்டில் ஓடும்படி பெரிய டிரான்ஸ்பார்மரும் ஒரு டயோடும் வைத்துக் கட்டினார்.

அதைப் போட்ட அன்று கற்பகம் துள்ளினாள். இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்தாள்.

"கேட்டுச்சி! ஜெயம், கேட்டுச்சி! பாரு, சிரிக்கிறா பாரு!"

லோகநாதன் தறியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். பொன்னியம்மாள் அழுதாள். அன்றைக்குத் தெருவுக்கே கேசரி கொடுத்தார்கள். பள்ளிப் பேச்சு அதோடு நின்றுபோனது.

அது எழுபத்தொன்பது. கற்பகத்துக்கு நாலு வயது.

அதற்குப் பிறகு தினமும் சம்பந்தம் கடையிலிருந்து வந்ததும் கருவியை மாட்டுவார். பின்னால் நின்று பேர் சொல்லுவார், 'அம்மா', 'அப்பா', 'பூ', 'பழம்' சொல்லுவார். கற்பகம் சிரிப்பாள். அவ்வளவுதான். ஒரு சொல்லும் வரவில்லை.

ஜெயம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசினாலும் பேசாவிட்டாலும் குழந்தை ஒரே மாதிரிதான் சிரித்தது. சுவிட்சைப் போட்ட உடனே சிரித்தது, மைக் இன்னும் கட்டிலில் கிடக்கும்போதே. கரண்டு போனால் சிரிப்பு நின்றது. சில சமயம் ஹெட்போனைக் காதிலிருந்து இறக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டது, வயிற்றில் வைத்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாதபோது ஜெயம் தறிக்குழி ஓரத்தில் குழந்தை படுக்கிற இடத்தில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். லோகநாதன் அடித்த ஒவ்வொரு அடியும் மண் வழியாகக் கைக்கு வந்தது.

அவள் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது? கடையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போதே அவர் முகம் குழந்தையைத் தேடும். ஊரில் எவனோ ஒருவன் கேட்டால்கூட, "கேக்குதுங்க, இன்னும் வார்த்தைதான் பிடிபடல" என்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளுக்கு நாக்கு எழவில்லை. தான் நினைப்பது தப்பாக இருக்கவேண்டும் என்று அவளும் வேண்டிக்கொண்டாள். ஐந்து வயது முடிந்தது. ஆறும் முடியப் போனது. இரண்டு தடவை மட்டும், "டாக்டர் சொன்ன ஸ்கூல ஒரு தடவ பாத்துட்டு வரலாமாங்க" என்றாள்.

"கேக்கற புள்ளைய இன்னாத்துக்கு அங்க வுடணும்? தப்பு அவகிட்ட இல்ல, ஜெயம். என் பொட்டியில கீது" என்றார் சம்பந்தம். "அந்த வண்டுதான் கெடுக்குது. நான் பேசறது அதுக்குள்ள அமுங்கிப்பூடுது. அத்த எடுத்துட்டேன்னு வச்சிக்க, வார்த்தை தனியா போய் காதுல வுழும்."

அதற்கு வழி அவருக்குத் தெரியும். ஒரு டயோடுக்குப் பதில் நாலு. நாலையும் சதுரமாகச் சேர்த்தால், கரண்டு எந்தத் திசையில் வந்தாலும் ஏதோ இரண்டு டயோடு வழிவிட்டு, வெளியே ஒரே திசையில் அனுப்பும். நிறுத்தி வீணாக்கிய பாதியும் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். பள்ளம் சின்னதாகும். அதை நிரப்ப முன்பு வைத்ததைவிடப் பல மடங்கு பெரிய கண்டென்சர். சென்னைக்கு ஆள் சொல்லியனுப்பி வரவழைத்தார்.

எண்பத்தொன்று ஆடி அமாவாசையன்று அந்த வேலையை வைத்துக்கொண்டார். தறி எதுவும் ஓடாது, வெளிச்சத்தம் இல்லாமல் சோதிக்கலாம் என்பதால். காலையில் படையல் முடிந்து காக்காவுக்கு வைத்த பிறகு கூடத்தில் உட்கார்ந்தார். ஜெயம் நாலு டயோடையும் மீட்டரில் பார்த்துக் கொடுத்தாள். நாலும் நல்லது. ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் கிடந்தது. கோடு இருக்கும் முனையைச் சரிபார்த்து அவர் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். ஈயப்புகை கூடத்தில் நின்றது.

சுவிட்சைப் போட்டுத் தன் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அண்ணனிடம் கொடுத்தார். லோகநாதன் வைத்துக்கொள்ள, சம்பந்தம் வாசலுக்குப் போய் மைக்கில் மெல்ல, "அண்ணே, சாப்ட்டியா?" என்றார்.

"டேய்! காதாண்ட குந்திகினு பேசறாப்ல கீதுடா! வண்டு செத்துப்பூட்ச்சி!"

சம்பந்தம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து கற்பகத்தின் தலையில் மாட்டினார். அவள் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தாள். காத்திருந்தாள். அவர் பின்னால் போய் நின்று, "கற்பகம்" என்றார். "கற்பகம். கண்ணு. அப்பா பேசறேன்."

குழந்தை ஹெட்போனைக் கழற்றித் திருப்பிப் பார்த்தது. தட்டிப் பார்த்தது. பிறகு கெட்டுப்போன பொம்மையைத் தருகிற மாதிரி ஜெயத்தின் மடியில் கொண்டுவந்து வைத்தது.

"லைன் வுட்டுகிது" என்றார் சம்பந்தம். பிரித்தார். டயோடுகளை மீட்டரில் பார்த்தார். ஹெட்போனைத் தன் காதில் வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி மாட்டினார். குழந்தை அவருடைய கையைத் தள்ளியது.

பெரிய கண்டென்சரின் ஒரு காலை எடுத்துவிட்டார், ஒரு டயோடின் காலையும் வெட்டினார். பெட்டி பழையபடி இரைந்தது. ஹெட்போனைப் பிள்ளையின் தலையில் வைத்தார். கற்பகம் கையைத் தட்டிச் சிரித்தாள். மைக் பலகைமேல் கிடந்தது. யாரும் அதில் பேசவில்லை.

அவர் அந்த இரண்டு காலையும் திரும்பப் பற்றவைத்தார். சிரிப்பு நின்றது. எடுத்தார். சிரித்தாள். இன்னொரு தடவை செய்யப்போன கையைப் பாதியில் நிறுத்திவிட்டு ராடைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"போதுங்க" என்றாள் ஜெயம். "அவளுக்கு அந்த அதிர்வுதாங்க தெரியுது."

லோகநாதன் விடவில்லை. "இன்னா பேசற நீ? தறி நின்னா முழிச்சிக்கிதே, அது?"

ஜெயம் அவரிடம் நேராகப் பேசியது அதுவரை கிடையாது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுவும் இப்படித்தாங்க மாமா. தறி அடிக்கறப்போ மண்ணுல கைய வச்சிப் பாருங்க. இன்னிக்கு அமாவாசை. பாருங்க, காலைலேர்ந்து சிணுங்கிகினே கீறா."

பொன்னியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். லோகநாதன் நின்றுபோன தன் தறியைப் பார்த்தார். ஏதோ அது அவரை ஏமாற்றிவிட்டதுபோல.

சம்பந்தம் கேட்டார்: "உனுக்கு எப்போ தெரியும்?"

"நெச்சயமா தெரியாதுங்க. ரொம்ப நாளா தோணிகினே இருந்திச்சி."

"சொல்லியிருக்கலாமே."

கற்பகம் ஹெட்போனை எடுத்துத் தானே கன்னத்தில் வைத்துக்கொண்டு, இரைச்சல் வருமா என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். கிணற்றடியில் வெகுநேரம் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. குடமெல்லாம் காலையிலேயே நிரம்பிவிட்டது என்பது ஜெயத்துக்குத் தெரியும்.

சாயங்காலம் அவர் அவளிடம் ஒன்றுதான் சொன்னார்.

"ரெண்டு வருசம், ஜெயம். தெனமும் அவ முதுகுக்குப் பின்னாலயே நின்னுகினு இருந்துட்டேன். மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசல. டயோடு எப்படி வேல செய்யுதுன்னு கேட்டா விடியவிடியச் சொல்லுவேன். என் பொண்ணு எதுக்கு சிரிக்கிறான்னு பாக்கத் தெரியல."

அந்த வாரமே பள்ளிக்குப் போனார்கள். வேலூரைத் தாண்டி, விடுதியோடு சேர்ந்த பள்ளி. ஆறு வயது ஆகிவிட்டதே என்றார் தலைமை ஆசிரியை. திட்டவில்லை. நேரத்தோடு இங்கே வந்த பிள்ளைகள் இந்த வயதில் கைப்பேச்சில் கதையே சொல்கிறார்கள் என்றார். இவளுக்கு 'தண்ணி' என்பதற்கே வழியில்லை, முதலிலிருந்து தொடங்கவேண்டும், ஆகும், ஆனால் நாள் பிடிக்கும். வெளியே மைதானத்தில் கற்பகத்தைவிடச் சின்னப் பெண்கள் இருவர் எதிரெதிரே நின்று கையால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கற்பகம் அவர்கள் கையையே பார்த்தாள். வாய் பிளந்து, கண் இமைக்காமல். ஜெயம் தன் மகள் எதையும் அப்படிப் பார்த்து அதுவரை கண்டதில்லை.

துணிப் பெட்டியை விடுதி அம்மா வாங்கிக்கொண்டாள். ஒரு பெரிய பெண் வந்து கற்பகத்தின் கையைப் பிடித்தாள். இருவரும் மைதானத்தின் குறுக்கே நடக்கத் தொடங்கினார்கள். கற்பகம் திரும்பிப் பார்க்கவில்லை. விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல யாருக்கும் வழி தெரியவில்லை.

"கற்ப..." என்று சம்பந்தம் வாயைத் திறந்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். இருவரையும் சுற்றிக்கொண்டு முன்னால் போய் மண்ணில் குந்தி, மகளின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்தார். கையைத் தூக்கினார். தூக்கிய கையால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. போகிறோம், வருவோம், விட்டுவிடமாட்டோம் என்பதற்கெல்லாம் ஒரு சாடைகூட அவரிடம் இல்லை. கை அப்படியே நின்றது.

கற்பகம் அவருடைய வாயைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். எதையோ தரப்போகிறார் என்று நினைத்து உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். ஒன்றும் இல்லை. வெறுங்கையையே அவள் கைமேல் வைத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள், சூடுபட்ட தழும்புகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை மெல்ல விட்டுவிட்டு அந்தப் பெண்ணோடு நடந்தாள்.

ஜெயம் அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்தாள். வெகுநேரம் அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.